லிச்சியும் ரம்மும் கலந்த கோடைப் பானம்: ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். மொரீஷியஸில் நவம்பர், டிசம்பர் வந்தால் புழுக்கத்தோடு லிச்சியும் வந்துவிடும். விருந்தினர்களுக்காக, 50 மில்லி வெள்ளை ரம், 25 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு என்ற அளவில், கொட்டை நீக்கி நசுக்கிய லிச்சியையும் புதினாவையும் சேர்த்து வீட்டிலேயே காக்டெயில் தயாரிக்கிறேன். புதினாவைக் கசக்கினால் கசப்பேறும் என்பதால் மணம் இறங்கும் அளவுக்கு மட்டுமே அழுத்துகிறேன். ஆனால், எலுமிச்சையின் புளிப்பு லிச்சியின் மெல்லிய மணத்தை அமுக்கிவிடுகிறது. புளிப்பைக் குறைத்தாலோ திகட்டுகிறது. பொடித்த ஐஸ் விரைவில் உருகிப் பானம் நீர்த்துப் போவதால், லிச்சிச் சாற்றையே கட்டிகளாக உறையவைத்துப் போடலாமா? சோடாவுக்குப் பதில் இளநீர் பொருந்துமா? மது அருந்தாத பெரியவர்களுக்கு ரம் இல்லாமல் இதே சுவையைக் கொண்டுவரும் வழியையும், செய்து பார்த்தவர்கள் அளவுகளோடு தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.