மூன்று துறைப் பட்டியல்கள் பொருந்தவில்லை: போர்ட்டல் முதலிலா, குறியீடு முதலிலா?

வரிசை_எண்:
பள்ளி, மருத்துவமனை, சாலை என மூன்று துறைகள் தனித்தனியாக சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) தருகின்றன. மூன்றுக்கும் பொதுவான நிரல் (நெட்டு வரிசை) ஊர்ப்பெயர் மட்டும்தான். இணைத்தால் நிறைய வரிகள் விடுபடுகின்றன. பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும் பெயர்கள்கூடப் பொருந்தவில்லை. புதிய போர்ட்டல் கட்டினால் இது தீருமா?

பழுப்புக்_கோப்பு:
தீராது. முதலில் ஊர்களுக்கு ஒரே குறியீட்டுப் பதிவேடு வேண்டும். அதற்கு ஒரு துறைதான் பொறுப்பாக இருக்க வேண்டும்.

பார்வைக்கு ஒன்றாக இருந்தும் பொருந்தாதது யூனிகோடு (எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் முறை) கோளாறு. 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. எல்லாக் கோப்பையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றினால் இது சரியாகும். 'கௌ' என்பதை 'கெ', 'ள' என்று தட்டியிருந்தால் என்எஃப்சியும் கைகொடுக்காது, தேடித்தான் திருத்த வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள்.

பதிவேட்டில் குறைந்தது ஆறு நிரல்: குறியீடு, பெயர், மேல்நிலைக் குறியீடு (ஊர் அடங்கும் வட்டம் போன்றதன் குறியீடு), தொடக்க நாள், முடிவு நாள், முந்தைய குறியீடு. ஓர் ஊர் இரண்டாகப் பிரிந்தால் பழைய குறியீட்டுக்கு முடிவு நாள் போட்டுவிட்டு, இரண்டுக்கும் புதுக் குறியீடு கொடுங்கள். பழையதை வேறு ஊருக்குக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் பழைய ஆண்டுகளின் கணக்கு புது ஊரின் தலையில் விழும். குறியீட்டுக்குள் மாவட்ட எண்ணைப் புதைப்பதும் வேண்டாம். எல்லை மாறினால் குறியீடே பொய்யாகிவிடும்.

ஏழாம்_நிரல்:
குறியீடு பார்க்க எண் மாதிரி இருந்தாலும் எழுத்தாகவே வையுங்கள். 00417 என்று இருப்பதை எக்செலில் திறந்து சேமித்தால் 417 ஆகிவிடும். இறக்குமதியின்போதே அந்த நிரலை 'டெக்ஸ்ட்' என்று குறிக்க வேண்டும். கடைசியில் வெர்ஹோஃப் என்ற கணக்கு முறைப்படி ஒரு சரிபார்ப்பு இலக்கம் (மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடுவது) சேர்த்தால், ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் மாட்டிக்கொள்ளும்.

எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வடிவம் வேண்டவே வேண்டாம். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போனது இந்த வரம்பால்தான்.

வரிசை_எண்:
அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொட்டிவிடலாமா?

பழுப்புக்_கோப்பு:
வேண்டாம் சார். நகல் மறுநாளே பழசாகிவிடும். எந்தப் பிரதியில் திருத்துவது என்ற சண்டையும் வரும். எஸ்டோனியாவில் 2001 முதல் இயங்கும் எக்ஸ்-ரோடு என்ற தரவுப் பரிமாற்ற அமைப்பில் தரவு அந்தந்தத் துறையிடமே இருக்கிறது. தேவைப்படும்போது கேட்டு வாங்குகிறார்கள், ஒவ்வொரு பரிமாற்றமும் மின் கையொப்பத்தோடு பதிவாகிறது.

உங்களுக்கு அதற்கு நாளாகும். இப்போதைக்குப் பதிவேட்டை மாறாத ஒரு முகவரியில் வையுங்கள், 'ஃபைனல்_புதியது_2' என்றெல்லாம் பெயர் வைக்காமல். வெளியிடும் முன் ஒவ்வொரு முறையும், பதிவேட்டில் இல்லாத குறியீடு உள்ள வரிகளைப் பிரித்து, அனுப்பிய துறைக்கே திருப்பிவிடுங்கள். இரக்கப்பட்டு நீங்களே திருத்தினால் அடுத்த மாதக் கோப்பிலும் அதே தவறு வந்து நிற்கும்.