கூட்டுப் பெட்டியில் யார் குடிவந்தார்கள்? செட்டிநாட்டுப் பக்கத்து அனுபவங்கள்

கானாடுகாத்தான் வளவு

பறவை கூடு கட்டப் பெட்டி வாங்கி மாட்டியும் ஒரு குருவி எட்டிப் பார்க்கவில்லை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பறவைக்கு எவ்வளவு வாசல் வேண்டும் என்று பார்க்காமல் மாட்டினால் அப்படித்தான் ஆகும். நான் பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் உங்கள் ஊர்ப் பெயரைத் தலைப்பில் போட்டு எழுதுங்கள்.

முன்பெல்லாம் நம்ம பக்கம் பெட்டி எதற்கு? வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்துப் பகுதியில், சாய்த்து மாட்டிய அய்யாக்கள் படத்துக்குப் பின்னால் சிட்டுக்குருவி, நாட்டு ஓட்டுக்கு அடியில் மைனா, செம்புறாங்கல் சுவரில் காரை உதிர்ந்த ஓட்டைக்குள் கருஞ்சிட்டு. இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. விடுதியாக மாறியவற்றில் ஒரு சந்து விடாமல் பூசி வர்ணம் அடித்தாகிவிட்டது. அதனால்தான் பெட்டி.

என்னுடையது காரைக்குடி பழம்பொருள் கடையில் வாங்கிய துண்டுத் தேக்கில் ஆசாரி அடித்துக் கொடுத்தது. வாசல் 32 மில்லிமீட்டர் வட்டம், அவ்வளவுதான். பிற்பகல் வெயில் படாத சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினேன். முதலில் வந்தது ஆண் சிட்டுக்குருவிதான். வாசலில் உட்கார்ந்து காலை முழுவதும் கத்தியது. இடம் பிடித்துவிட்டுப் பெட்டையைக் கூப்பிடுவது அதன் வேலை. பெட்டை வந்தது, உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த மாதிரிதான். பிடித்திருக்க வேண்டும், அப்புறம் இரண்டும் சேர்ந்து சுமக்க ஆரம்பித்தன. அப்பத்தா வற்றல் போட்டு வைத்திருந்த பனையோலைக் கொட்டானின் விளிம்பிலிருந்து ஓலை நார் உரித்து உரித்துக் கொண்டுபோனது ஆண். நாரின் நடுவில் கவ்விக்கொண்டு வரும், வாசலில் குறுக்காக முட்டும், கீழே விழும். இறங்கி எடுத்து இந்தத் தடவை நுனியைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியில் மெத்தைக்குக் கோழியிறகு.

முட்டை பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து. பன்னிரண்டு நாள் முன்பின்னாக அடை, அதன் பிறகு இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். குருவி தானியம் தின்னும்தான், ஆனால் குஞ்சுக்குக் கொடுப்பது புழு பூச்சி. நொய் அரிசி இறைத்தால் போதும் என்று இருப்பவர்கள், தோட்டத்துக்கு மருந்தடிப்பதையும் நிறுத்தினால் நல்லது. குஞ்சின் எச்சம் வெள்ளைப் பொட்டலமாக வரும். அதை அலகில் கவ்வி வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடுகின்றன.

இன்னொன்று, வளவில் பெல்ஜியம் கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடிவையுங்கள். குருவி தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துப் பொழுதெல்லாம் கொத்திக்கொண்டிருக்கும்.

கோட்டையூர் மாடித்தோட்டம்

சிட்டுக்குருவிக்கென்று வாங்கிய பெட்டியில் எங்களுக்கு மைனா புகுந்துவிட்டது. உள்ளே என்னதான் இல்லை! குச்சி, வேர், மிட்டாய்க் காகிதம், சிகரெட் பெட்டி ஈயத்தாள், நடுவில் ஒரு பாம்புச் சட்டை. அதைப் பார்த்த அம்மா மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். முட்டை நல்ல நீலம். துரத்தவா, விடவா?

கானாடுகாத்தான் வளவு

முட்டை இட்டுவிட்டால் விடுங்கள். பாம்புச் சட்டையை மைனா எங்கிருந்தாவது பொறுக்கிக்கொண்டு வரும், கருஞ்சிட்டுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அம்மாவிடம் சொல்லுங்கள். 17, 18 நாளில் பொரிக்கும், அதற்கு மேல் மூன்று வாரம் போனால் கிளம்பிவிடும். காலியானதும் கூட்டைக் கழித்துவிட்டு, 32 மி.மீ. ஓட்டை போட்ட தகரத் தகட்டை வாசலில் வைத்து ஆணியடித்துவிடுங்கள். மைனா நுழையாது, அணிலும் கடித்து அகலப்படுத்த முடியாது. வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைத்திருந்தால் பிடுங்கி எறியுங்கள். கடைக்காரர்கள் அழகுக்கு வைப்பது அது, சிட்டுக்குருவிக்குத் தேவையே இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி

எங்க வீட்டு வாசலில் பழைய தபால் பெட்டி ஒன்று, கதவு கழன்று பாதி திறந்தே கிடக்கும். அதில் குண்டுகரிச்சான் கட்டிவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு திரியுமே, அதுதான். கட்டுவதும் அடை உட்காருவதும் பெட்டை மட்டும். ஆண் முகப்பு உச்சியில் இருக்கிற சிப்பாய் பொம்மையின் தலையில் உட்கார்ந்து விடியுமுன்னே சீட்டியடிக்கும். சும்மா இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள் தம்பி, வேறு கரிச்சான் எல்லைக்குள் வந்தால் அடித்து விரட்டுவது அதுதான். குஞ்சுக்கு இரையும் கொண்டுவரும், பெட்டை அளவுக்கு இல்லை.

தபால்காரரிடம் சொல்லி, கடிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டேன். நம்ம சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் 2020-இல் தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டதற்காக, ஒரு மாதத்துக்கு மேல் ஊரே இருட்டில் இருந்தது. அதற்கு முன்னால் என் தபால் என்ன பெரிசு?

காரைக்குடி – ஈப்போ

பூட்டிக் கிடக்கும் எங்கள் பெரிய வீட்டு மச்சில், உடைந்த வென்டிலேட்டர் வழியாகக் கூகை, அதாவது வெள்ளை முக ஆந்தை, குடிவந்திருந்தது. யாரோ குறட்டை விடுகிறார்கள் என்று காவல்காரர் இரவில் மாடிப்படி ஏறவே மாட்டேன் என்றுவிட்டார். குஞ்சுகள் இரை கேட்கும் சத்தம் அது. கூடு என்று எதுவும் கட்டாது. கக்கிப்போட்ட மயிரும் எலும்புமான உருண்டைகள் மக்கிப் பரவிக் கிடக்கும், அதன் மேலேயே முட்டை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இந்தக் கோலமா என்று அப்பச்சிக்கு வருத்தம். ஓர் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். எலி மண்டையோடு நொறுங்காமல் இருந்தது, முன்பல் மஞ்சள் நிறம் மாறாமல்.

குஞ்சுகள் ஒரே அளவில் இருக்காது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முட்டை இடும், முதல் முட்டையிலிருந்தே அடை உட்காரும். அதனால் மூத்ததற்கு இறகு முளைக்கும்போது கடைசி இன்னும் வெள்ளைத் தூவியோடு தள்ளாடும். எலி குறைந்த வருஷம் கடைசி பிழைப்பது கஷ்டம்.

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகவே கம்பம் நட்டுக் கூகைப் பெட்டி வைக்கிறார்கள். நம்மூரில் கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று கல்லை எடுக்கிறோம். பெட்டி வைக்க விரும்புகிறவர்கள் வாசலை 13 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள், உள்ளே குஞ்சுகள் நடமாட இடம் வேண்டும். வயலில் எலி விஷமும் வைத்துப் பெட்டியும் வைப்பதில் அர்த்தமில்லை. விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும்.

கண்டனூர் பனங்காடு

பெட்டிப் பேச்சில் மொட்டைப்பனையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கொண்டை போன பனை நின்றபடியே உளுத்தால் பச்சைக்கிளி, பனங்காடை, புள்ளி ஆந்தை, மைனா எல்லாம் ஒரே மரத்துக்கு மல்லுக்கட்டும். கிளி பெரும்பாலும் மரங்கொத்தி விட்டுப்போன ஓட்டையைக் கடித்துப் பெரிசாக்கிக்கொள்ளும். புல், நார் எதுவும் சேர்க்காது, மரத்தூள் மேலேயே முட்டை.

செம்மார்புக் குக்குறுவான் என்கிற சின்னப் பச்சைப் பறவைக்குப் பலகைப் பெட்டி ஆசை காட்டிப் பயனில்லை. காய்ந்த கிளையின் அடிப்பக்கமாகப் பார்த்துத் தானே கொத்திப் பொந்து போடும். எங்கள் முருங்கையில் அப்படி ஒன்று இருக்கிறது, அந்தக் கிளையை வெட்டாமல் விட்டிருக்கிறோம்.

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். செத்த மரம்தானே என்று சூளைக்கு ஏற்றுவது நின்றபாடில்லை. பொந்தில் கைவிட்டுக் கிளிக்குஞ்சு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கிளியைக் கூண்டில் வைப்பதே சட்டப்படி குற்றம், சொன்னால் நம்மேல் கோபப்படுகிறார்கள்.

புதுவயல்

பின்கட்டுச் சுவர் ஓட்டையில் கொண்டலாத்தி, தலையில் விசிறிக் கொண்டை வைத்த பறவை, இருக்கிறது. ஆண் மட்டும் வந்து போகிறது, பெட்டை வெளியே வருவதே இல்லை. இரண்டு நாளாக அழுகின நாற்றம் வேறு. உள்ளே செத்துக் கிடக்கிறதா?

கண்டனூர் பனங்காடு

சாகவில்லை. அடைகாக்கும்போது பெட்டை உள்ளேயே இருக்கும், ஆண்தான் இரை ஊட்டும். நாற்றம் அதன் வாலடிச் சுரப்பியிலிருந்து வருவது. கூட்டில் இருக்கும் காலத்துக்கு மட்டும்தான். குஞ்சு பொரித்த பிறகு ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள், எச்சத்தைப் பீச்சியடிக்கும். பினாயில் கினாயில் ஊற்றிவிட வேண்டாம். எல்லாம் பறந்த பிறகு கழுவிக்கொள்ளலாம், ஓட்டையை மட்டும் அடைக்காமல் விடுங்கள்.