வி.பி. சத்யன் ஆட்டத்தை நேர்ல பார்த்தவங்க இருக்கீங்களா?

கோவை_லெஃப்ட்விங்:
நான் 2000க்கு அப்புறம் பொறந்தவன். சத்யன்னு ஒருத்தர் இந்திய ஃபுட்பால் டீமுக்கு கேப்டனா இருந்தார்ங்கறதே ஒரு மலையாளப் படத்தாலதான் தெரிஞ்சுது. தேடிப் பார்த்தா எல்லாரும் 2006, பல்லாவரம், 41 வயசுன்னு சாவுலயே ஆரம்பிக்கிறாங்க. ஆள் எப்படி ஆடுவார்? ஸ்டாப்பரா, மிட்ஃபீல்டா? பழைய ஆளுங்க சொல்லுங்கண்ணே.

வியாசர்பாடி_பேக்:
ஸ்டாப்பர், தம்பி. அதாவது நம்ம கோலுக்கு முன்னாடி நடு டிஃபென்ஸ்ல நிக்கிறவர். நான் அப்போ லீக்ல கீழ் டிவிஷன்ல பேக் ஆடிட்டிருந்தேன். அதனால மேட்ச் போனா என் கண்ணு கோல் போடுறவன் மேல நிக்காது, பின்னாடி நிக்கிறவன் மேலதான்.

கண்ணூர்க்காரர். கேரளா போலீஸ் டீம்ல வளர்ந்தவர். அந்த டீம்ல விஜயன், பாப்பச்சன், ஷரஃபலி, குரிகேஷ் மேத்யூ, இவர்னு எல்லாரும் ஒண்ணா! 1990ல திருச்சூர், 1991ல கண்ணூர், அடுத்தடுத்து ரெண்டு ஃபெடரேஷன் கப், நாட்டோட பெரிய கிளப்புங்க மோதின போட்டி. கல்கத்தாவும் கோவாவும் ஆண்டுக்கிட்டிருந்த காலத்துல போலீஸ்காரங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. நடுவுல கல்கத்தா கிளப் மோகன் பகானுக்கும் ஆடினார். கடைசியா இங்க வந்து இந்தியன் பேங்க் டீம்.

1995 சாஃப் கேம்ஸ், தெற்காசிய நாடுங்களோட போட்டி, நம்ம ஊர்ல. பேர் இன்னும் மெட்ராஸ்தான். ஃபைனல்ல பங்களாதேஷ், ஒரே கோல், நம்ம சபீர் பாஷா போட்டது. உள்ளூர்ப் பையன் கோல் போட்டு தங்கம்னா கேக்கணுமா, வெளிய வரும்போது எல்லார் வாயிலயும் பாஷாதான். சரி, தப்பில்ல. ஆனா 1-0ல அந்த 0 யார் வேலைன்னு ஒருத்தரும் பேசல. கேப்டன் சத்யன். ஓடி வந்து சறுக்கி டேக்கிள் போட்டா கேலரி கை தட்டும். நான் பார்த்த வரைக்கும் இவருக்கு அது ரொம்பத் தேவைப்படாது, பந்து வர்ற இடத்துல முன்னாடியே நிப்பார். அதைக் கைதட்டி வாங்குறது கஷ்டம். வீடியோலயும் தெரியாது, கேமரா பந்து பின்னாடிதானே போகும்.

அடுத்த ரெண்டே மாசத்துல, 1996 பிப்ரவரி, ஃபிஃபா ரேங்க்ல இந்தியா 94. இன்னிக்கு வரைக்கும் அதுக்கு மேல ஏறல.

பாலக்காட்டு_கணவாய்:
கோயமுத்தூரை விட்டுட்டீங்களே! மாநில டீமுங்க மோதுற சந்தோஷ் டிராஃபி, 1992 ஃபைனல் அங்கதான். கோவாவை 3-0. 1973க்கு அப்புறம் கேரளாவுக்குக் கிடைச்ச கோப்பை, சத்யன்தான் கேப்டன். எங்க ஊர்லேர்ந்து பஸ் பஸ்ஸா ஆளுங்க வந்தாங்க. கேள்வி கேட்ட தம்பிக்கு அது சொந்த ஊரு, அங்க பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க.

ரெஃப்ரி_விசில்:
எல்லாம் சரி. இவ்ளோ தைரியமான ஆள் கடைசில ஏன் அப்படி ஒரு முடிவு எடுத்தார்?

வியாசர்பாடி_பேக்:
தைரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல சார். மனச்சோர்வு ஒரு நோய். கேப்டன்னா வராதா? காரணம் இதுதான்னு நாம உக்காந்து கதை கட்ட வேணாம்.

பொதுவா ஒண்ணு சொல்லலாம். அந்தத் தலைமுறைக்கு ஃபுட்பால்னா ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான். முட்டி போனதும் பூட்ஸைக் கழட்டிட்டு சீட்ல உக்காரணும். நேத்து வரைக்கும் நாட்டுக்கே கேப்டன், இன்னிக்கு ஆபீஸ்ல கணக்கு லெட்ஜர்.

பாலக்காட்டு_கணவாய்:
இதை நான் ஒத்துக்க மாட்டேன். அந்த வேலை இல்லாம, ஆடி முடிச்சுட்டு சோத்துக்குத் திண்டாடினவங்க எவ்ளோ பேர்! இப்போ ஐ.எஸ்.எல். ஃபுட்பால் லீக்ல காண்ட்ராக்ட் முடிஞ்ச பசங்களைக் கேளுங்க, லெட்ஜர் கிடைச்சா கும்பிடுவாங்க.

வியாசர்பாடி_பேக்:
சம்பளம் வேணாம்னு சொல்லல. ஆடி முடிச்சவனுக்குப் பந்து பக்கத்துலயே ஒரு வேலை, கோச்சிங்கோ செலக்ஷனோ, குடுத்திருக்கலாம்ங்கறேன்.

கோவை_லெஃப்ட்விங்:
நன்றிண்ணே. எங்க கோச்சுக்கு 60 தாண்டிடுச்சு. 1992 ஃபைனலுக்குப் போயிருப்பார்னு நினைக்கிறேன், நாளைக்கு ப்ராக்டீஸ்ல கேட்டுட்டு வந்து போடுறேன்.