புதுப்பிப்பு: கரண்ட் போனால் சம்ப் வழிந்த இறால் தொட்டி ரேக் (தீர்ந்தது)

குன்னூரில் மரம் விழுந்து கரண்ட் போகும்போதெல்லாம், ஆறு செர்ரி இறால் தொட்டிகளுக்கும் பொதுவான சம்ப் (தொட்டித் தண்ணீர் வந்து சேர்ந்து, மோட்டாரில் மேலே போகும் கீழ்த் தொட்டி) வழிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது ஓட்டை போடும் யோசனைதான். ஒவ்வொரு ரிட்டர்ன் குழாயிலும் (சம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய்) தண்ணீர் மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே 3 மி.மீ. ஓட்டை. தொட்டி 45×30 செ.மீ.; மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 1.35 லிட்டர். குழாய் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்ததால், மோட்டார் நின்றதும் சைஃபனாகி (தண்ணீர் அதே குழாய் வழியே தானாகக் கீழே இழுபட்டு) ஆறு தொட்டியிலிருந்தும் மொத்தம் 40 லிட்டர் சம்புக்குத் திரும்பியது. 60×30×30 சம்பில் பாதி தண்ணீர்; மிச்ச இடம் 27 லிட்டர்தான். இப்போது மட்டம் ஓட்டை வரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடுவதால், வருவது 8 லிட்டர். சம்ப் மட்டம் நாலரை செ.மீ. ஏறி நின்றுவிடுகிறது.

நான்-ரிட்டர்ன் வால்வை (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) மட்டும் நம்பாதீர்கள். இரண்டு வாரத்தில் ஒரு நத்தை ஓடு சிக்கி, மூடாமலே நின்றது.

எதிர்பாராதது இரண்டு. ஓட்டை மட்டத்துக்கு மேலே இருந்தால் ஊசி போலப் பீய்ச்சி, மூடியில் பட்டுச் சுவரெல்லாம் ஈரம். கீழே இருந்தால் பாசி அடைக்கிறது. வாரம் ஒருமுறை பல்குச்சியால் குத்திவிட வேண்டும். இன்னொன்று, குஞ்சுகள் இழுபடாமல் ஓவர்ஃப்ளோவில் (தொட்டியிலிருந்து சம்புக்குத் தண்ணீர் இறங்கும் வழி) செருகிய ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியே வழியும். அதனால் பெரிய கண் ஸ்பாஞ்சாக மாற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே பிழிகிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நல்ல பாக்டீரியா செத்துவிடும்.