கணக்கு கேட்டால் கோராகின் பாவமா?

கேள்வி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மனசில் பாரமாக இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன். எங்கள் சபையில் கட்டட நிதிக்கு வந்த காணிக்கையின் கணக்கை உறுப்பினர் கூட்டத்தில் வாசிக்கலாமே என்று கேட்டேன். சத்தம் போடவில்லை, யாரையும் குற்றம் சாட்டவும் இல்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க, மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக எழும்பி அழிந்துபோன கோராகைப் பற்றித்தான். பாஸ்டர் பெயர் சொல்லவில்லை, ஆனாலும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அப்பா உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். பார்க்க வந்த மூப்பர் ஒருவர், அபிஷேகம் பெற்றவருக்கு எதிராக வாயைத் திறந்தால் வீட்டில் இப்படித்தான் வரும் என்று அப்பா காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார். நீ போய் மன்னிப்புக் கேள் என்று அப்பா ஒரே பிடியாக இருக்கிறார், எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். தேவன் நியமித்த அதிகாரத்துக்கு எதிராகக் கலகம் செய்தால் ஆவிக்குரிய விளைவு உண்டு என்று வேதம் சொல்வது உண்மை. நான் செய்தது அதில் சேருமா?

பதில் 1

சகோதரரே, முதலில் அப்பாவுக்காக ஜெபிக்கிறேன். அவர் நோயைப் பற்றி அந்த மூப்பர் சொன்ன வார்த்தையைத்தான் முதலில் எடுத்துப் போட வேண்டும். எண்ணாகமம் 16:28-30 வாசித்துப் பாருங்கள். கோராகின் கூட்டத்தை விழுங்கப் பூமி வாயைத் திறப்பதற்கு முன்பே மோசே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறார்: இவர்கள் எல்லா மனிதரும் சாகிறதுபோலச் செத்தால் கர்த்தர் என்னை அனுப்பவில்லை, பூமி பிளந்து இவர்களை உயிரோடே விழுங்கினால் அப்போது அறிந்துகொள்வீர்கள் என்று. அதாவது எல்லா வீட்டிலும் வருகிற நோயும் சாவும் அங்கே வந்திருந்தால் அது மோசேக்கு எதிரான சாட்சியாக ஆகியிருக்கும், அதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஒருவர் படுக்கையில் விழுந்த பிறகு வந்து, இது இன்னாருடைய பாவம் என்று ஒட்டவைக்கிற வேலை அந்த அதிகாரத்தில் எங்குமே இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு என்ன பதில் சொன்னார் என்பதையும் யோவான் 9-இல் பாருங்கள்.

அடுத்து, கோராகு கேட்டது என்ன? அவன் கோகாத் வம்சத்து லேவியன். உடன்படிக்கைப் பெட்டியையும் பரிசுத்த பணிமுட்டுகளையும் தோளில் சுமக்கிற வம்சம் அது. சபைத் தலைவர்கள் 250 பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து, சபையார் எல்லாருமே பரிசுத்தர்தானே, நீங்கள் மட்டும் ஏன் உயர்ந்து நிற்கிறீர்கள் என்கிறான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 10-ஆம் வசனத்தில் மோசே உள்ளே இருப்பதை வெளியே இழுத்துவிடுகிறார்: ஆசாரியப் பட்டத்தையும் தேடுகிறீர்களோ? ஆசாரியனாக ஆரோனுக்குக் கர்த்தர் கொடுத்த இடம் கோராகுக்கு வேண்டும், வம்பே அதுதான். நீங்கள் யாருடைய இடத்தையும் கேட்கவில்லையே.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டட நிதிக் கணக்கை, அதாவது ஆசரிப்புக் கூடாரம் கட்ட வந்த காணிக்கையின் கணக்கை, முதலில் எழுதிவைக்கச் சொன்னவரே மோசேதான். யாத்திராகமம் 38:21-லிருந்து வாசியுங்கள். அவர் கட்டளைப்படி லேவியர் ஆரோனின் மகன் இத்தாமாரின் மேற்பார்வையில் எண்ணிய தொகை அங்கே இருக்கிறது. காணிக்கையாக வந்த பொன் 29 தாலந்து 730 சேக்கல் (இரண்டும் அந்தக் கால எடை அளவு). வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல், அதில் 100 தாலந்து பாதங்களுக்குப் போயிற்று, மிச்சம் 1,775 சேக்கல் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போயிற்று. கொக்கி வரைக்கும் கணக்கு! மேகஸ்தம்பத்தின் கீழே நடந்த மனிதர் இப்படி எழுதிவைத்தார் என்றால், கணக்கு கேட்பது எப்படிக் கலகமாகும்?

பதில் 2

மேலே எழுதிய சகோதரர் சொன்னது சரி. ஆனால் வயதில் மூத்தவனாக ஒரு எச்சரிப்பையும் வைக்க வேண்டும், ஏனென்றால் இப்போது எந்தக் கண்டிப்பையும் "இது ஆவிக்குரிய துஷ்பிரயோகம்" என்று தள்ளிவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. கலகத்துக்கு விளைவு உண்டு. கோராகோடு அது முடியவும் இல்லை. மறுநாளே ஜனங்கள், கர்த்தருடைய ஜனத்தைக் கொன்றது நீங்கள்தான் என்று மோசேயிடமும் ஆரோனிடமும் முறுமுறுத்தார்கள், வாதையில் 14,700 பேர் செத்தார்கள். யூதா தன் சின்ன நிருபத்தில் காயீனையும் பிலேயாமையும் சொல்லிவிட்டுக் கோராகையும் சேர்த்துச் சொல்கிறார். அது பழைய ஏற்பாட்டோடு போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பெரும்பாலும் பூமி பிளக்காது. இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலைப் பாருங்கள். கர்த்தர் அவனைத் தள்ளிவிட்டார் என்று தீர்க்கதரிசி சாமுவேல் சொன்ன பிறகும் பல வருஷம் சிங்காசனத்தில்தான் இருந்தான், சேனையும் இருந்தது, ஜனங்களும் வணங்கினார்கள். உள்ளே கர்த்தருடைய ஆவி விலகிப்போயிற்று, அப்புறம் சந்தேகம், பொறாமை, ஈட்டி எறிவது, ஆசாரியர்களைக் கொல்வது, கடைசியில் செத்தவர்களைக் கூப்பிட்டுக் குறிசொல்கிறவர்கள் என்று தானே தேசத்திலிருந்து துரத்தின அஞ்சனக்காரரில் ஒருத்தியைத் தேடி எந்தோர் என்ற ஊருக்கு ராத்திரியில் வேஷம் மாறிப் போகிறான். ஜெபித்தாலும் பதில் வராத நிலை. நான் அதிகம் பயப்படுகிற விளைவு இதுதான், வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே காது அடைந்துபோவது.

ஆகவே உங்கள் இருதயத்தை நீங்களே சோதித்துப் பாருங்கள். கணக்கு சரியாக இருந்தால் சந்தோஷப்படுவீர்களா, ஏமாந்துபோவீர்களா? சந்தோஷம் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. ஏமாற்றம் என்றால் முழங்காலில் நில்லுங்கள்.

பதில் 3

ஐயா சவுலைச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். கலகம் பில்லிசூனிய பாவத்துக்குச் சமம் என்ற வசனத்தை, 1 சாமுவேல் 15:23, விசுவாசிகளைப் பார்த்து எத்தனை மேடையில் சொல்லிக் கேட்டிருப்போம்! அது யாரிடம் சொல்லப்பட்டது? ராஜாவிடம். அபிஷேகம் பெற்றவனிடம். முழுக்க அழிக்கச் சொல்லியிருந்த அமலேக்கின் ஆடுமாடுகளில் நல்லதை வைத்துக்கொண்டு, பலியிடத்தான் கொண்டுவந்தோம் என்று பக்தியாகப் பேசினவனிடம். நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே என்ற சங்கீதம் 105:15-உம் அப்படித்தான். அதற்கு முந்தின வசனத்தில் கர்த்தர் கடிந்துகொள்வது ராஜாக்களை, காப்பாற்றுவது ஊர் ஊராக, நாடு நாடாகத் திரிந்த கொஞ்சம் பேரை. அதிகாரம் உள்ளவனுக்குச் சொன்னதை அதிகாரம் இல்லாதவனைப் பயமுறுத்த எடுப்பது எனக்குத் தாங்கவே முடியவில்லை.

மெய்யான அதிகாரம் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் அதே எண்ணாகமம் 16-இல் இருக்கிறது. கோராகு பேசினதும் மோசே முகங்குப்புற விழுகிறார். ஒருவருடைய கழுதையைக்கூட நான் எடுக்கவில்லை என்று கர்த்தரிடம் சொல்கிறார். வாதை தொடங்கினதும் ஆரோன் தூபகலசத்தை எடுத்துக்கொண்டு சபையின் நடுவே ஓடி, செத்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவில் நிற்கிறார். யாருக்காக? தன்னைக் குற்றம் சொன்ன அதே ஜனத்துக்காக. உங்கள் அப்பாவின் படுக்கைக்கு அருகே வந்த மூப்பர் அந்த இடத்தில்தான் நின்றிருக்க வேண்டும்.

கேட்டவர்

மூன்று பேருக்கும் நன்றி. அப்பாவுக்கு எண்ணாகமம் 16:28-ஐ வாசித்துக் காட்டினேன், திரும்ப வாசி என்றார். ஐயா கேட்டதையும் யோசித்தேன். கணக்கு சரியாக இருந்தால் எனக்கு நிம்மதிதான், அதில் சந்தேகமே இல்லை. இனி நான் என்ன செய்ய? விட்டுவிடவா, திரும்பக் கேட்கவா? சபையை விட்டுப் போனால் அது கலகமா?

பதில் 2

கேளுங்கள், ஆனால் தனியாக வேண்டாம், மறைவாகவும் வேண்டாம். மூப்பருக்கு எதிரான குற்றச்சாட்டுக்கு 1 தீமோத்தேயு 5:19 இரண்டு மூன்று சாட்சிகள் கேட்கிறது. நீங்கள் குற்றமே சாட்டவில்லை, இருந்தாலும் அந்த ஒழுங்கு நல்லது, சபையில் மதிப்புள்ள இரண்டு பேரோடு போய் உட்காருங்கள். 2 கொரிந்தியர் 8:20-21 பேசட்டும். காணிக்கையைக் கொண்டுபோகும்போது யாரும் குறை சொல்லாதபடி பவுல் மற்றவர்களையும் கூடவே அனுப்பினார், கர்த்தர் முன்பாக மட்டும் அல்ல, மனுஷர் முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று எழுதினார். பேச்சு சூடாகிவிட்டால் வாயைக் காத்துக்கொள்ளுங்கள். தன்னை அடிக்கச் சொன்ன பிரதான ஆசாரியனைக் கடிந்து பேசின பவுலே, அவன் யார் என்று தெரிந்ததும், அதிபதியைத் தீது சொல்லக்கூடாது என்ற வசனத்தைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

போவதைப் பற்றி. தாவீது சவுலை விட்டு ஓடினார், ஈட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே இருக்கவில்லை. குகையில் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே அவர் மனசு அடித்துக்கொண்டது, அதற்கு மேல் கை நீட்டவில்லை. ஆனால் வெளியே வந்து, எல்லார் காதிலும் விழ, நீர் செய்வது அநியாயம் என்று சவுலிடம் சொன்னார், கர்த்தர் நியாயம் தீர்க்கட்டும் என்று விட்டார். அதே மாதிரி சொல்ல வேண்டியதை அவர்கள் முகத்துக்கு முன் சொல்லிவிட்டுப் போகலாம். போகும்போது நாலு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள், வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள்.