வாளியில் உரம்: நாற்றமும் புழுவும் வருகிறது, எங்கே தவறு?

பால்கனிச்செடி:
வணக்கம். அடுக்குமாடி வீடு, நான்கு பேர். ஒரு நாளைக்குக் காய்கறிக் கழிவு ஏறக்குறைய ஒரு கிலோ சேரும். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மூடி போட்டு அதைச் சேர்க்கிறேன். ஊறவைத்து உதிர்த்த தென்னைநார்த் தூளைத்தான் மேலே போடுகிறேன். பத்து நாளில் அழுகிய முட்டை நாற்றம். அடியில் கருப்புத் தண்ணீர் தேங்கியிருக்கிறது, புழுவும் நெளிகிறது. கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கணுமா, இதையே சரிசெய்ய முடியுமா?

உரக்குழி:
கொட்ட வேண்டாம், இதையே மீட்கலாம்.

அழுகிய முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்று இல்லை. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது அடியில் இறங்கித் தேங்கினால், காற்றில் வாழும் நுண்ணுயிர் செத்து, காற்றில்லாமல் வாழ்பவை பெருகிவிடும். நீங்கள் போடும் தென்னைநார்த் தூள் ஏற்கெனவே தண்ணீர் குடித்தது. அது இன்னும் எதை உறிஞ்சும்? தென்னைநார்க் கட்டியை ஊறவைத்தால் உதிர்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே வாளிக்குள் போகணும். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

செய்ய வேண்டியது: பழைய சாக்கின் மேல் எல்லாவற்றையும் கொட்டுங்கள். தண்ணீரை வடித்துவிடுங்கள். நாற்றமடிக்கும் அந்தத் தண்ணீரைத் தொட்டிச்செடிக்கு ஊற்ற வேண்டாம். கழிவு எவ்வளவோ அதே கனஅளவுக்குக் காய்ந்த சருகோ தூளோ கலந்து கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரணும். ஒழுகினால் இன்னும் சருகு வேண்டும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கணும்.

அதற்குள் வாளியைத் திருத்துங்கள். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் வரிசையாகத் துளை, அடியில் ஏழெட்டுத் துளை. இரண்டு செங்கல் துண்டின் மேல் தூக்கிவைத்து, கீழே ஒரு தட்டு. மூடிக்குப் பதில் பருத்தித் துணியைக் கட்டுங்கள். வாளியின் அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் சருகு பரப்பிவிட்டுக் கலவையைத் திரும்பப் போடுங்கள். புளித்த மோர் ஒரு டம்ளர் தெளித்தால் போதும், கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி கட்டாயமில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அடிவரை கிளறணும்.

நாற்றம் போகச் சுண்ணாம்பு தூவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) அமோனியாவாகக் கிளம்பி மூக்கை அரிக்கும், உரத்தின் சத்தும் அதோடு போய்விடும்.

கமலி_மாடித்தோட்டம்:
புழு வெள்ளையாக, ஒரு முனை கூராக இருந்தால் வீட்டு ஈயின் புழு. கழிவு திறந்து கிடந்திருக்கிறது என்று அர்த்தம். தட்டையாக, வளையம் வளையமாக, பழுப்பு நிறத்தில் தடித்திருந்தால் கருப்புப் படைவீரன் ஈயின் புழு. அதை விட்டுவிடுங்கள், கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ சாப்பாட்டில் வந்து மொய்க்காது, நோயும் பரப்பாது. எந்தப் புழுவானாலும் பூச்சிக்கொல்லி, பினாயில் கூடவே கூடாது. மட்கச் செய்யும் உயிர்களும் அதில் சாகும். தினமும் கழிவு போட்டதும் ஓர் அங்குலம் காய்ந்த தூளால் மூடினால் ஈ முட்டையிட இடம் கிடைக்காது. எறும்பு வந்தால் வாளி காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள்.

பால்கனிச்செடி:
நன்றி இருவருக்கும். புழு பழுப்பு நிறம்தான், தட்டையாக இருக்கிறது. மிஞ்சிய சோறு, எலுமிச்சைத் தோல், மீன் கழிவு போடலாமா? ஒரு வாளி போதுமா?

உரக்குழி:
சோறு கட்டியாகக் கிடந்தால் அதற்குள் காற்று போகாது. உதிர்த்து, இரண்டு மடங்கு சருகோடு கலந்து கொஞ்சமாகப் போடலாம். உப்பும் எண்ணெயும் உள்ள குழம்பு வேண்டாம். எலுமிச்சைத் தோலை நறுக்கிப் போடுங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடணும். டீத்தூளில் சர்க்கரை இருந்தால் அலசிவிடுங்கள். மாங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டை மட்க வருடக்கணக்காகும். மீனும் எலும்பும் பால்கனி வாளிக்கு ஒத்துவராது, பூனையும் எலியும் தேடி வரும்.

ஒரு வாளி போதாது. வாளி நிரம்ப இரண்டு மூன்று வாரம், மட்க இன்னும் ஒன்றரை மாதம். மூன்று வாளி குறைந்தபட்சம், நான்கு இருந்தால் நிம்மதி.

சமையல்கட்டு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கணும் நண்பரே. நான்கு பேருக்குத் தினம் ஒரு கிலோ என்பது அதிகமாகத் தெரிகிறது. அதில் எவ்வளவு தோல், எவ்வளவு அழுகிய காய் என்று ஒரு வாரம் பிரித்துப் பாருங்கள். அழுகிப்போவது பெரும்பாலும் கீரையும் கொத்தமல்லியும்தான், காரணம் ஈரம். கழுவாமல், வேரை வெட்டி, காய்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு, தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு, இளம் கீரைத்தண்டு பருப்புக்கு ஆகும். வாளிக்குப் போகும் முன்பே குறைப்பதுதான் பெரிய மிச்சம்.

இன்னொன்று, பால் பாக்கெட். மூலையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், நேரே சாக்கடைக்குப் போகும். துண்டு ஒட்டியே இருக்கும்படி கீறி, பாலை ஊற்றி, அலசிக் கொடியில் காயப்போட்டால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். நாற்றமடிக்கும் பாக்கெட்டை வாங்க மாட்டார்கள்.

கமலி_மாடித்தோட்டம்:
உரம் தயாரா என்று பார்க்க: ஒரு பிடியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மண்வாசனை வந்தால் தயார். புளித்த வாடை வந்தால் இன்னும் இரண்டு வாரம் வாளியிலேயே இருக்கட்டும், அவசரப்பட்டுப் போட்டால் செடியின் வேர் கருகும். சலித்து, ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து போடுங்கள். சல்லடையில் நின்ற சக்கையை அடுத்த வாளியில் போட்டால் அது சீக்கிரம் மட்கத் தொடங்கும்.