நான்கு நாள் பழக்கத்தைத் தேடிப் போகலாமா?

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து):

அப்பா மறைந்த பிறகு வந்த முதல் தை அமாவாசைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு இராமேசுவரம் சென்றேன். அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் முடித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டுத் திரும்பும்போது, ஈரக் கல் தரையில் அம்மாவின் கால் வழுக்கியது. பின்னால் வந்த ஒருவர் தாங்கிப் பிடித்தார். அம்மாவை ஒரு தூணோரமாக உட்காரவைத்து, தம் பையிலிருந்த உலர்ந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நாங்கள் நன்றி சொல்லும்வரைகூட நிற்காமல் போய்விட்டார். அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் அவரைத் தேடியதில்தான் எல்லாம் தொடங்கியது.

அவர் கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் அவருடைய பாட்டியும் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் தங்கிய பிறகு நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டாராம். பாட்டி முதன்முதலில் கால் வைத்த கரையைப் பார்க்கத்தான் அவர் தனியாக வந்திருந்தார். நான் அப்பாவை வழியனுப்ப வந்தவள். அவர் பாட்டி வந்த வழியைத் தேடி வந்தவர். அந்த நான்கு நாட்களில் நாங்கள் பேசியதைப்போல நான் வேறு யாரிடமும் பேசியதில்லை.

மூன்றாம் நாள் தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவர் நிழலில் சங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைக் கையாலேயே தோண்டி, ஊறிய தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு கொடுத்தார். உப்பே இல்லை. ஆசிரியர் பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார், நான் வாங்கிக் குடித்தேன். அதற்குமேல் எங்களுக்குள் நடந்தது, அரிச்சல்முனையில் கொஞ்ச நேரம் கைகோத்து நின்றது மட்டும்தான்.

புறப்படும் நாளில், தொலைபேசி எண் வேண்டாம், இது இங்கேயே நிற்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அப்பா போன துக்கத்தில் எதையும் நம்ப எனக்குத் துணிவில்லை. அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். ஏழு மாதங்கள் ஆகின்றன. அவர் பணிபுரியும் பள்ளி எதுவென்று எனக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்து ஏறினால் அரை நாளில் போய்விடலாம். போகலாமா?

பதில் (பாம்பனிலிருந்து):

சகோதரி, நான் கடல் தொழில் செய்பவன். எங்கள் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளம்போலக் கிடக்கும். கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் அது அப்படியே மாறிவிடும். நாங்களும் படகுகளை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக் கட்டிவிடுவோம். நீங்கள் தையில் பார்த்த தென்கடலை ஆடியில் வந்து பார்த்தால், அதே கடல் என்று நம்பவே மாட்டீர்கள். நீங்கள் அந்த மனிதரை ஒரு பருவத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். அவரும் உங்களைத் துக்கத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே அதே ஆள் இருப்பார் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள்.

அந்த ஊற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மழைநீர் கனம் குறைந்தது என்பதால் மணலுக்கு அடியில் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. மேலாக மொண்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும், அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். எங்கள் வீட்டுப் பெண்கள் அந்த ஊற்றங்கரையில் எப்போதும் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பதில் (திருப்பூரிலிருந்து):

அவருக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்பதை நீங்கள் எழுதவே இல்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, அவர் பெயரையோ பள்ளியின் பெயரையோ இங்கே எழுதிவிடாதீர்கள். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றிப் பலர் பேசும்படி ஆகிவிடக் கூடாது.

பதில் (கீழக்கரையிலிருந்து):

மகளே, எனக்கு அறுபது வயதாகிறது. இளம் வயதில், உறவினர் திருமணத்துக்கு வந்த ஒருவர் ஒரு வாரம் எங்கள் தெருவில் தங்கியிருந்தார். கடிதம் எழுதுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் நான் வாசல் திரைக்குப் பின்னால் வந்து நின்ற காலம் இரண்டு ஆண்டுகள். அவர் வரவில்லை என்பதை ஒருவழியாகத் தாங்கிக்கொண்டேன்; ஏன் எழுதவில்லை என்று தெரியாமல் இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அதனால் இதை அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். எண் வேண்டாம் என்று தடை போட்டவள் நீ. அவர் கண்ணியமானவராக இருந்தால் அந்தத் தடையை மீறி வர மாட்டார், எத்தனை ஆண்டுகள் ஆனாலும். அதை நீக்க வேண்டியவளும் நீதான்.

ஆனால் நேரில் போய் நிற்காதே. பள்ளிக்கூட வாசலில் திடீரென்று உன்னைப் பார்த்தால், வேண்டாம் என்று நினைத்தாலும் அவரால் அதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாது. கடிதம் எழுது. அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருக்கட்டும்.

மீண்டும் கோயம்புத்தூரிலிருந்து:

அனைவருக்கும் என் நன்றி. திருமணம் ஆகவில்லை என்று அவரே சொல்லியிருந்தார். ஏழு மாதங்களில் அது மாறியிருக்கலாம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பாம்பன் அண்ணன் சொன்ன ஊற்றைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் தம்பியின் துண்டு இன்னும் நம் அலமாரியில்தான் இருக்கிறது, நீ திருப்பிக் கொடுக்கவே இல்லையே" என்றார்.

அம்மா சொன்னது உண்மைதான். கீழக்கரை அம்மா சொன்னபடி நேற்று ஒரு கடிதம் எழுதினேன். தடையை நானே நீக்குகிறேன் என்றும், பதில் எழுதாவிட்டாலும் அவரைத் தவறாக நினைக்க மாட்டேன் என்றும், துண்டு என்னிடம்தான் இருக்கிறது என்றும் எழுதி, எங்கள் வீட்டு முகவரியை மட்டும் குறிப்பிட்டு, இன்று காலை தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.